சர்யோனோவிடம் யாரும் சொல்லாதது

எரிமலை அடிவாரத்து முந்திலான் கடைத்தெருவில் வகினி செய்து பார்க்காத வேலை குறைவு. கோழிக்கடையில் இறகு பிடுங்கியிருக்கிறாள். சாலாக் பழத்தின் தோல் விரலைக் குத்தக் குத்தப் பெட்டியில் அடுக்கியிருக்கிறாள். சோயாப் பட்டறையில் மூட்டை தூக்கியிருக்கிறாள், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவியிருக்கிறாள். எந்த இடத்திலும் கூலி வாங்கியதில்லை. அவளுக்குப் பக்கத்தில் வேறொருவர் நின்று அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார், கூலி அவருக்கு. முதல் இரண்டு வாரம் வகினி தினமும் வருவாள். பிறகு வாரத்தில் மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு மாதம் ஒரு நாள். அதற்கப்புறம் அந்த ஆள் தனியாக நிற்க வேண்டும்.

புத்தி கலங்கி, மருந்தில் தேறி, மறுபடியும் நாலு பேர் நடுவில் வந்து நிற்பவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதும், பிடித்த வேலை நழுவாமல் பார்த்துக்கொள்வதும்தான் அவளுடைய வேலை. ஊர்ச் சுகாதார நிலையம் வண்டிப் பெட்ரோலுக்கு ஏதோ கொடுக்கும். ஆரம்பப் பள்ளிக்கு மேல் இரண்டு வருடம் படித்ததோடு சரி. பதினைந்து வயதிலேயே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பித்தான் தைக்கப் போனவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க வராது. கூட்டத்தில் பெயரைக் கேட்டாலே காது மடல் சிவந்துவிடும். அவளை இந்த வேலைக்குக் கூப்பிட்ட நர்ஸ் அம்மாள் அதைத்தான் பெரிய தகுதியாகச் சொன்னார்.

"பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க வகினி. பக்கத்துல சும்மா உக்கார்ந்து பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

பார்ப்பது அவளுக்கு வரும். ஒருவர் டீக் கோப்பையை வைக்கும் விதத்திலேயே, நேற்று இரவு தூங்கினாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். யார் மருந்தை விழுங்கினார்கள், யார் நாக்குக்கு அடியில் ஒதுக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சர்யோனோ விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. பார்க்காமல் விட்டிருந்தால் பரவாயில்லை. பார்த்தாள்.

சர்யோனோவுக்கு அப்போது முப்பத்தோரு வயது. தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கேதான் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஊருக்குக் கூட்டி வந்தார்கள். தகப்பனார் உயிரோடு இருந்த காலம் அது; பையன் தெருவில் சட்டையில்லாமல் ஓடியதைப் பார்த்துப் பொறுக்காமல் பின்கட்டு அறையில் வைத்து வெளியே தாழ் போட்டார். பதினாலு மாதம். சாப்பாடு ஜன்னல் வழியாகப் போயிற்று. மற்றதெல்லாம் அந்த அறைக்குள்ளேயேதான். நர்ஸ் அம்மாளும் வகினியும் போய்த் தாழைத் திறந்தபோது அவன் முதலில் சொன்னது, "கிட்ட வராதீங்க, நாத்தம் அடிக்குது" என்பதுதான்.

மருந்து பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் ஆள் முகம் தெளிந்து, தலை சீவி, பெட்டிக்கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வரும் அளவுக்கு வந்தான். தகப்பனார் போய்ச் சேர்ந்தபின் வீடு அண்ணன் முல்யாதியின் கைக்கு வந்தது. முல்யாதி எரிமலை மணல் ஏற்றும் லாரி ஓட்டுபவன். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு கைக்குழந்தையும், பயந்த சுபாவமுள்ள மனைவியும் இருந்தார்கள்.

"அக்கா, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது" என்று அவன் வகினியிடம் சொன்னான். "தம்பி வேலைக்குப் போற வரைக்கும் இந்த வீட்ல இருக்கட்டும். சாயங்காலம் வந்து சாப்பிட்டுத் தூங்கிடுவான், யாருக்கும் தொந்தரவு இல்ல. வேலை இல்லாம பகல் பூரா கொல்லையில உக்கார்ந்திருந்தா என் பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவா. அப்புறம் நான் இவனைக் கடற்கரைப் பக்கம் இருக்கற காப்பகத்துல கொண்டு போய் விடறதைத் தவிர வழியில்ல."

"காப்பகம் வேண்டாம்" என்றான் சர்யோனோ, வாசல்படியில் உட்கார்ந்தபடியே. "அங்கயும் வெளியிலதான் தாழ்ப்பாள்."

ஐந்து இடத்தில் கேட்டாள் வகினி. எங்கேயும் இல்லையென்று சொல்லவில்லை. முகம் கொடுத்துப் பேசினார்கள், வாழைப்பழ பஜ்ஜி கொடுத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். ஆறாவதாகக் கேட்டது ஹர்தாத்தியின் கிலோ சலவைக்கடை. துணியை எடை போட்டு வாங்கி, துவைத்து, தேய்த்து, வாசனை போட்டு, பிளாஸ்டிக் பையில் ஒட்டிக் கொடுக்கும் கடை. ஹர்தாத்தி ஐம்பதை ஒட்டிய குண்டான பெண்மணி, சிரிக்கும்போது தோள் குலுங்கும். எல்லாரும் அவளை 'இபு', அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் ரத்மி என்று ஒருத்தி துவைத்து உலர்த்துவாள். தேய்ப்பதற்கு ஆள் இல்லை.

"ராத்திரி மருந்தால காலையில ரொம்ப நேரம் மந்தமா இருக்கும் இபு. பத்து மணிக்குத்தான் வர முடியும்" என்றாள் வகினி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பத்து மணிக்கு வரட்டும். துணி எங்க ஓடிப் போகுது?"

"நடுவுல குரல் கேட்டா ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுடுவாரு."

"என் வீட்டுக்காரர் குரல் கேட்டா நான் அரை மணி நேரம் நின்னுடறேன்" என்று சொல்லி ஹர்தாத்தி தோள் குலுங்கச் சிரித்தாள். அப்படித்தான் வேலை கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் வகினி அவன் பக்கத்தில் நின்று தேய்த்தாள். எதையும் சட்டதிட்டமாகச் சொன்னால் அவனுக்குப் பிடிபட்டுவிடும் என்று அவள் அப்போதே கண்டுகொண்டாள். 'கொஞ்சமா', 'அளவா' என்று சொன்னால் குழம்பிப் போவான். 'காலர் முதல்ல, தோள் ரெண்டாவது, கை மூணாவது' என்றால் சாகும்வரை மாற்றமாட்டான். குரல் கேட்டால் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும், ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு கையில் இருக்கும் துணியை மட்டும் பார்க்க வேண்டும் என்று இருவருமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். ரத்மியும் சீக்கிரம் பழகிக்கொண்டாள்; இளைஞர்களை மரியாதையாகக் கூப்பிடும் 'மாஸ்' என்ற சொல்லால்தான் அவனைக் கூப்பிடுவாள். அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தால், பிழிந்துகொண்டிருக்கும் துணியை விடாமலே கேட்பாள்.

"மாஸ், விருந்தாளியா?"

"ஆமா. ரெண்டு பேர்."

"டீ குடுத்து அனுப்பிடுங்க. இங்க உக்கார நாற்காலி இல்ல."

அவன் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பான்.

அவன் மடிக்கும் சட்டையின் ஓரங்கள் அளவுகோல் வைத்தது போல இருக்கும். "இவருக்கு வாக்கப்படப் போறவ குடுத்து வச்சவ" என்பாள் ரத்மி. "வரட்டும், அவ மடிக்கட்டும், நான் லீவு எடுத்துக்கறேன்" என்பான் அவன். முதல் மாதச் சம்பளத்தில் அண்ணன் குழந்தைக்கு ஒரு ரப்பர் வாத்து வாங்கிக்கொண்டு போனான். முல்யாதியின் மனைவி அதைக் கையில் வாங்கினாள். அவன் கையிலிருந்து அவள் நேராக எதையாவது வாங்கியது அதுதான் முதல் தடவை.

வகினி நாட்களைக் குறைத்தாள். வாரம் மூன்று, வாரம் ஒன்று. மழை பிடித்துக்கொண்ட சமயம், மாதம் ஒன்று.

முந்திலானில் மழை பிடித்தால் துணி காய்வது பெரும்பாடு. முற்றத்துக் கொடியை விட்டு உள்ளே இழுத்து, மின்விசிறி போட்டு, இஸ்திரிச் சூட்டில்தான் கடைசி ஈரத்தை வாங்க வேண்டும். தேய்த்து முடித்ததும் தெளிப்புக் குப்பியால் வாசனைத் தண்ணீர் அடிப்பார்கள். வெயில் காலத்தில் எவ்வளவு அடித்தாலும் மடிப்பதற்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் துணி ஈரமாகவே நிற்க அந்தத் தண்ணீரே போதும். அப்படியே பையை ஒட்டினால் இரண்டு நாளில் உள்ளே ஊசிப்போன வாடை வந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் குப்பியை இரண்டு தடவை அழுத்தினால் போதும், அழுத்திவிட்டு இன்னொரு முறை பெட்டியை ஓட்டிவிட வேண்டும். சலவைக்கடையில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்யோனோவுக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. வெயில் காலத்தில் அவனுக்கு வேலை பழக்கியவள் வகினி. "நல்லா வாசனை வர்ற வரைக்கும் அடிங்க" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

அவன் எவ்வளவு அடித்தாலும் அவன் மூக்குக்கு வாசனை வந்ததாகவே தோன்றவில்லை. பின்கட்டு அறையின் நாற்றம் தன் கைகளை விட்டுப் போகவில்லை என்று அவன் நம்பினான். தன் கை பட்ட துணியை வேறொருவர் உடுத்தப் போகிறார்களே என்ற பயத்தில் அவன் குப்பியை அழுத்திக்கொண்டே இருந்தான்.

அந்த மாதம் வகினி கடைக்குப் போனபோது நோன்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது. ஹர்தாத்தி அவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். இனிப்பு டீ வந்தது, கூடவே புளிக்க வைத்த சோயாவில் செய்து வறுத்த டெம்பேத் துண்டுகள், கூடவே பச்சை மிளகாய். எப்போதும் டீ மட்டும்தான் வரும்.

"எப்படி இருக்காரு இபு, நம்ம மாஸ்?"

"நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு. சாப்பிடுங்க."

"வேலையில ஏதாவது..."

"ஒண்ணுமே இல்ல வகினி அக்கா. தங்கமான பிள்ளை. எவ்வளவு அழகா மடிக்கிறாரு! சாப்பிடுங்க, ஆறிடும்."

வகினி ஒரு துண்டை எடுத்து மிளகாயைக் கடித்தாள். ஹர்தாத்தியின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்தது. மணிக்கட்டில் இஸ்திரிச் சூடு பட்ட புதுத் தழும்பு; கடைக்காரி எதற்குப் பெட்டியைத் தொட வேண்டும்? மூலையில் ஒட்டிய பைகள் ஒரு குவியலாகக் கிடந்தன, சிலவற்றின் வாய் மறுபடி கிழிக்கப்பட்டிருந்தது. சர்யோனோவின் மேசையில் வாசனைக் குப்பி காலியாக இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு முறை நிரப்புகிற குப்பி. அப்போது மணி பதினொன்று; அவன் வேலைக்கு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இதெல்லாம் ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் மூன்று தடவை 'நல்லா இருக்கு' என்று சொன்னால் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்டால் ஹர்தாத்தி குறை சொல்ல வேண்டி வரும். ஐந்து பேர் மழுப்பியபோது கை நீட்டிக் கூப்பிட்டவள் அவள். அவள் வாயிலிருந்து குறையைப் பிடுங்குவது, கொடுத்த கையைக் கடிப்பது போல இருக்கும் என்று வகினிக்குக் கூசியது. சுங்கான் என்போம் இங்கே. அடுத்தவர் முகம் கோணிவிடுமோ என்று நம் வாயை நாமே பொத்திக்கொள்வது. ஹர்தாத்திக்கு வகினியிடம் சுங்கான், வகினிக்கு ஹர்தாத்தியிடம் சுங்கான். நடுவில் டெம்பே ஆறிக்கொண்டிருந்தது.

சுகாதார நிலையத்துத் தாளை நீட்டினாள். 'வேலை திருப்தி' என்ற கட்டத்தில் ஹர்தாத்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வண்டியை எடுக்கும்போது சர்யோனோ வாசலுக்கு வந்தான்.

"அக்கா, அடுத்த வாரம் ஒரு நாள் வந்து பக்கத்துல நிக்கிறீங்களா?"

"ஏன் மாஸ், ஏதாவது கஷ்டமா?"

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். ஹர்தாத்தி காதில் விழும் தூரத்தில் இருந்தாள். "கஷ்டம் ஒண்ணும் இல்ல. இபு சிரிக்கிறாங்க. முன்னாடி சின்னச் சின்ன விஷயத்துக்குத் திட்டுவாங்க, இப்ப திட்டறதே இல்ல. அதான்."

"திட்டலைன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"இனிமே நான் பக்கத்துல நின்னா உங்களுக்கு அழகா இருக்காது மாஸ். காவலுக்கு ஆள் வச்சு வேலை செய்யற மாதிரி இருக்கும். நீங்க தனியாவே நிக்கிறீங்க. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"சரிங்க அக்கா" என்றான்.

அவனை மதித்துத்தான் அப்படிச் சொன்னோம் என்று அவள் பல நாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வாரம் வந்து நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

நோன்பு மாதம் வந்தது. ஊரிலுள்ள பெண்கள் தொழுகைக்கு உடுத்தும் வெள்ளை அங்கிகளையெல்லாம் ஹர்தாத்தியின் கடையில் போட்டார்கள். நெற்றியும் மூக்கும் தரையில் படும்போது அங்கியின் துணிதான் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிப்போன வாடை அடித்தால் வேறெங்கும் திரும்ப முடியாது. அவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஹர்தாத்தியைப் பார்த்தால் இன்னும் அன்பாகச் சிரித்தார்கள்.

பெருநாளுக்கு முந்தின நாள் ஹர்தாத்தி சர்யோனோவைக் கூப்பிட்டாள். பெருநாள் போனஸை உறையில் போட்டுக் கொடுத்தாள், வழக்கத்தைவிடக் கனமாக. ஒரு பெரிய பிஸ்கட் டின், இரண்டு பாட்டில் சர்பத், ஒரு புதுக் கைலி.

"நல்லா ஓய்வு எடுங்க மாஸ். பெருநாள் கழிச்சு வேலை எப்படி இருக்குன்னு பாத்து நானே கூப்பிடறேன்."

முல்யாதியின் வீட்டில் அந்தப் பெருநாள் வெகு சந்தோஷமாக இருந்தது. பிஸ்கட் டின்னை மேசை நடுவில் வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "என் தம்பியோட முதலாளியம்மா கொடுத்தது" என்று முல்யாதி காட்டினான்.

பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆயிற்று. தினமும் சர்யோனோ ஒன்பதரைக்குக் குளித்து, சட்டை போட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாம் வாரம் வகினி வேறு வேலையாகச் சலவைக்கடை வழியாகப் போனவள், இஸ்திரி மேசையில் ஒரு இளம்பெண் நிற்பதைப் பார்த்தாள். வண்டி தானாக நின்றது. பின்பக்கம் போய் ரத்மியைப் பிடித்தாள்.

"யாரு ரத்மி அது?"

"இபுவோட தங்கச்சி மக." ரத்மி வாளியை இறக்கி வைத்தாள். "அக்கா, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? நான் தெரியும்னு நெனச்சேன். மழை தொடங்கினதுலேருந்து மாஸ் போனப்புறம் பையெல்லாம் கிழிச்சு இபுதான் திரும்பத் தேய்ச்சாங்க. கை சுட்டுக்கிட்டாங்க. வாசனைத் தண்ணியை ஊத்து ஊத்துன்னு ஊத்திடறாரு அவரு. பாதி துணி சொதசொதன்னு இருக்கும்."

"நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் எப்படி அக்கா? இபுவே சொல்லல. நான் சொன்னா, இபுவை மீறிச் சொன்ன மாதிரி ஆகாதா? அப்புறம் அவரு மனசு வேற..." ரத்மி சட்டை ஓரத்தால் கையைத் துடைத்தாள். "நீங்க மாசா மாசம் வந்தீங்களே. நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்தேன்."

வகினி முன்பக்கம் போனாள். ஹர்தாத்தி அவளைக் கண்டதும் முகம் வெளுத்து, டீ வைக்க உள்ளே திரும்பினாள்.

"டீ வேண்டாம் இபு."

எங்கள் ஊரில் டீ வேண்டாம் என்று சொல்வது கதவை அடிப்பது போல. ஹர்தாத்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எப்படிச் சொல்றது வகினி அக்கா? அவ்வளவு ஆசையா வேலை செய்யறாரு. சொன்னா ஒடைஞ்சு போயி, மறுபடியும் அந்த நோய் வந்துட்டா அந்தப் பாவம் என் தலையில. உங்ககிட்ட சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்தத் தாளை நீட்டுவீங்க. உங்க முகத்தைப் பாத்தா வாய் வராது. பத்து வாடிக்கை போயிடுச்சு எனக்கு."

"ரெண்டு தடவை அழுத்தினா போதும்னு சொல்லியிருந்தா, சாகற வரைக்கும் ரெண்டு தடவைதான் அழுத்துவாரு இபு. மூணாவது அழுத்த மாட்டாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு."

"அப்படியா?" என்றாள் ஹர்தாத்தி, சிறுபிள்ளை போல. "அது எனக்குத் தெரியாதே."

தெரியாதுதான். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் வகினி. குரல் கேட்பதைச் சொன்னாள், மருந்தைச் சொன்னாள், காலையில் எழ முடியாததைச் சொன்னாள். 'இவரிடம் தப்பை நேராகச் சொல்லலாம், சொன்னால் சந்தோஷப்படுவார்' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

தங்கை மகளை இனித் திருப்பி அனுப்ப முடியாது என்றாள் ஹர்தாத்தி. கல்யாணச் செலவுக்காகத் தங்கை கேட்டு அனுப்பியிருக்கிறாள். வகினி வற்புறுத்தவில்லை.

அன்று மத்தியானமே அவள் சர்யோனோவிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது காது மடல் எரிந்தது. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை. அப்புறம் ஒரு முறை பெட்டியை ஓட்டணும்."

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான்."

"நான் என் கையாலதான்னு நெனச்சேன்." அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "இபு திட்டறதை நிறுத்தினதும், சரி, அவங்களுக்கும் நாத்தம் தெரிஞ்சுடுச்சு, பாவம் பாத்துச் சொல்லாம இருக்காங்கன்னு நெனச்சேன். அதனால இன்னும் அடிச்சேன்."

அவன் இவ்வளவு நேராகப் பேசுவதை அவள் கேட்டதே இல்லை. அவனுக்குப் பேச வாய்ப்புக் கொடுத்ததும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவன் தானாகவே சலவைக்கடைக்குப் போயிருக்கிறான். வகினிக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. கடை வாசலில் நின்று, "இபு, ரெண்டு தடவைதான் அழுத்தணும்னு இப்ப எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறான். ஹர்தாத்தி அவனை உட்கார வைத்து டீ கொடுத்தாள். தங்கை மகளிடம் ஏதோ சொல்லி உள்ளே அனுப்பினாள். "இந்த மாசம் முடியட்டும் மாஸ், பாத்துச் சொல்றேன்" என்றாள்.

அவன் அங்கிருந்து நேராக வகினி வீட்டுக்கு நடந்து வந்தான். மழையில் நனைந்திருந்தான். அவள் கொடுத்த துண்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"மாசம் முடியட்டும்னு சொன்னாங்க. அண்ணன்கிட்ட அப்படியே சொல்லிட்டா மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குவாரு. அக்கா, உங்களுக்கு இபுவைத் தெரியும். அது நெஜமா?"

வெளியே ஓட்டுச் சரிவில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கலாம் என்று சொல்வது வகினிக்கு எவ்வளவு சுலபம்! நாற்பத்தாறு வருடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"இல்ல மாஸ்" என்றாள். "கூப்பிட மாட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். துண்டை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்து, "அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா? என்னால முடியாது" என்றான்.

முல்யாதியிடம் அவள் சொன்னாள். வேறு இடம் பார்க்கிறேன், இரண்டு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினாள். முல்யாதி ஒரு மாதம் பொறுத்தான். சொன்ன சொல்லுக்கு மேலேயே அது. அந்த ஒரு மாதத்தில் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புத் தேய்க்க ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். வகினி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள்.

"நான் தினமும் வந்து நிக்கிறேன் மாஸ். நாளைக் குறைக்கவே மாட்டேன்."

"அங்கயும் நல்லா இருக்குன்னுதானே சொல்லுவாங்க" என்றான் சர்யோனோ. கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு எப்படித் தெரியும் அக்கா, நெஜமா நல்லா இருக்கா இல்லையான்னு? இங்கேயாவது அந்தக் குரலுங்க திட்டறதை மூஞ்சிக்கு நேரா திட்டுது."

விடுதிக்கு அவன் போகவில்லை. பிறகு மருந்தைத் தவறவிட ஆரம்பித்தான். கொல்லையில் பகல் முழுக்க உட்கார்ந்தான். ஒரு திங்கட்கிழமை முல்யாதி லாரியை விட்டுவிட்டு, இரவல் வாங்கிய வேனில் அவனைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது முல்யாதி அழுதான் என்று அவன் மனைவி சொன்னாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வகினி இன்னும் அதே வேலைதான் செய்கிறாள். இப்போது கடைக்காரர்களிடம் 'எப்படி இருக்காரு' என்று கேட்பதில்லை. 'போன வாரம் அவரு செஞ்ச தப்பு ரெண்டு சொல்லுங்க, ரெண்டு சொன்னாத்தான் நான் எழுந்திருப்பேன்' என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறாள். சொல்லும்போது இப்போதும் காது சிவக்கிறது. சிலருக்கு அவள் மேல் மனத்தாங்கல். வகினி முன்னே மாதிரி இல்லை, நாக்கு நீண்டுவிட்டது என்கிறார்கள். அந்த ஏச்சைக் கேட்கும்போது, இதை அந்த மழைக்காலத்திலேயே வாங்கியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துக் காப்பகத்துக்குப் போகிறாள். நல்ல இடம்தான், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். சர்யோனோ உடம்பு பெருத்திருக்கிறான். போன முறை, அங்கேயுள்ள சலவை அறையில் அவனுக்கு ஒரு வேலை கொடுக்க முடியுமா என்று அவள் பொறுப்பாளரிடம் கேட்டாள். சூடான பெட்டியை இங்கிருப்பவர்கள் கையில் கொடுப்பதில்லை என்று அவர் நேராகவே சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சர்யோனோ மரத்தடியில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"முடியாதுன்னு சொல்லிட்டாங்க மாஸ்."

"சரி" என்று சொல்லி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியிலுள்ள இரும்பு கேட் வரைக்கும் அவளோடு நடந்து வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வரக் கூடாது.